விழுந்த ஆப்பிளின் கணக்கு

தகர டப்பாவின் மேல் ரஷ்ய எழுத்தில்:
பெண்கள். அறுவடையா? எண் 4.
அந்தக் கேள்விக்குறியும் படமெடுத்தவர்கள் போட்டதுதான்.
உள்ளே நான்கு நிமிடம், ஒலி இல்லை.
ஒரு தோட்டம், ஏழு பெண்கள்,
விளிம்பில் யாரோ ஒருவனின் கை
தப் பறைமேல் எழுந்து இறங்குகிறது
எங்களுக்குக் கேட்காமலே.

நான் ஆடுகிறவன் இல்லை.
ஜர்கெந்த் பள்ளியில் இயற்பியல்.
இடது முழங்கால் எப்போதோ விடைபெற்றுக்கொண்டது.
மிஹ்ராய் என்னைக் கூப்பிட்டது
புரொஜெக்டரின் பெல்ட் அறுந்துபோனதற்கு.

ஒரு குளிர்காலம் முழுக்க ஆடிப் பழகியிருந்தார்கள்.
விதைப்பு, அறுப்பு, களிப்பு என்று
ஒவ்வொரு கைக்கும் ஒரு பொருள்.
நெற்றியில் உள்ளங்கை குவிவதை
'நாணம்' என்று நோட்டில் எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள் சுல்பியா.
வேகம், கல்யாணக் கூடத்து வேகம்.
பாவாடைகள் பம்பரம்.

பெல்ட்டை மாட்டிவிட்டுப் பார்த்தபோதுதான்
பின்னால் மரத்திலிருந்து
ஓர் ஆப்பிள் விழுந்தது.
அதற்குப் பிறகு ஆட்டத்தை நான் பார்க்கவில்லை, மன்னிக்கவும்.
இருபது வருடமாகக் கரும்பலகையில்
எதையாவது விழவைத்துக்கொண்டிருப்பவன்.

அடிமரத்தில் சாய்ந்திருந்த கெத்மென் மண்வெட்டியின்
காம்பை அளவுகோலாக்கினேன்.
கிளைக்கும் தரைக்கும் இரண்டு மீட்டர், கொஞ்சம் முன்பின்.
விழுந்து முடிக்கப் பதினொரு சட்டகங்கள்.
கேமராவைக் கையால் சுற்றியவன் எப்படிச் சுற்றினானோ,
பூமி அன்றைக்கும் இதே இழுப்புத்தான் இழுத்திருக்கும்;
ஆட்சி மாறுவதெல்லாம் அதற்குத் தெரியாது.
நொடிக்குப் பதினேழு.
நீங்கள் இருபத்துநாலில் ஓட்டுகிறீர்கள், என்றேன்.

மெதுவாக்கினோம்.
முதலில் உதிர்ந்தது களிப்பு.
பாதங்கள் எதையோ தளும்பாமல் கொண்டுபோயின.
நெற்றிக்கு ஏறிய கை
அங்கேயே நின்றது,
நாணத்துக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.
வெயிலை மறைத்து
சாலையின் கடைசி வரை பார்க்கிற கை அது.
ஏழு முகமும் ஒரே பக்கம்.

கோர்கோஸ் எல்லை எங்களுக்கு அரைமணி நேரம்.
அந்தப் பக்கம் மிஹ்ராயின் அக்காவுக்கு
ஒரு தொலைபேசி எண் இருந்தது.
ஏழு வருடமாக அது மணியடிப்பதே இல்லை.
"பஸ் நிறுத்தத்தில் தினமும் நான் செய்வது இது"
என்றாள், "ஆட்டமென்று தெரியாமல்."
சுல்பியா நாணத்தை அடித்தாள்.
அந்த இடத்தில் வேறெதுவும் எழுதவில்லை.

மூன்றாம் நிமிடத்தில் சுருள் எரிந்திருக்கிறது.
நாற்பத்தோரு சட்டகங்கள்,
இரண்டரை நொடிக்குச் சற்றுக் குறைவு.
அதற்குள் என்ன ஆடியிருப்பார்கள்?
ஒரு சுழற்சி போடலாம், கைதட்டல் வரும்,
என்றான் பறைக்காரன் சதிர்தீன்.
நான் வேறொன்றைக் காட்டினேன்:
எரிவதற்கு முன்னால் புல்லில் கிடக்கிறது ஆப்பிள்.
எரிந்த பிறகு
இல்லை.

நவ்ரூஸ் அன்று, பண்பாட்டுக் கூடத்தில்,
அறுபது நாற்காலி, நாற்பது பேர்.
அந்த இடம் வந்ததும் பறை நின்றது.
ஆறு பேர் அப்படியே நிற்க
மிஹ்ராய் மட்டும் குனிந்தாள்.
எதையோ எடுத்தாள், துடைத்தாள்,
சட்டைக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.
மூன்றாம் வரிசையில் யாரோ தும்மினார்கள்.
பறை மறுபடி தொடங்கிற்று.

தேநீரின்போது சுல்பியா பிடித்துக்கொண்டாள்:
அவள் குனிந்ததற்கு என்ன ஆதாரம்?
ஆடு தின்றிருக்கலாமே.

இருக்கலாம்.
என் கணக்கு
தரைவரைக்கும்தான்.