உரிமைக் கோரிக்கை இலக்கம் மூன்று

"பிடிக்கிறது விளங்குது மிஸ்.
விடுறதும் விளங்குது.
நடுவில என்ன புதுசு?"
கொழும்பிலிருந்து சட்டத்தரணி ஹேமச்சந்திர,
கவனமாகப் பொறுக்கிய தமிழில்.

ஹட்டனில், பல் வைத்தியரோடு பங்கு போட்ட மாடி.
அவர் துளைக்கத் தொடங்கினால்
என் மேசைக்கும் கூசும்.
ஒரு காதைப் பொத்திக்கொண்டு சொன்னேன்:

நடுவில்தான் ஐயா எல்லாம்.
பெயரொன்றை விரலால் பிடிக்கிறோம்.
ஐந்தாம் மலையிலிருந்து கிளப்பி
ஏழாம் மலைக்குக் கொண்டுபோகிறோம்.
ஏழாம் மலையின் பெட்டி மூடிக் கிடக்கிறது.
தட்ட வேண்டாம்.
அதன் மேல் சும்மா நில்லுங்கள், முக்கால் வினாடி.
தானே திறக்கும்.
உள்ளே இருக்கும் பெயர்கள்
மஸ்கெலியா பஸ்ஸின் பின்சீட்டுக்காரர்கள் போல
இடுப்பை நகர்த்தி இடம் விடும்.

அந்த முக்கால் வினாடி என்னுடையது.

பரிசோதகர் மறுத்திருந்தார்:
"துறையில் தேர்ந்த எவருக்கும் இது வெளிப்படை."
வெளிப்படையாம்.
அரை வினாடி வைத்தபோது
வழியில் கிடந்த பெட்டியெல்லாம் வாய் பிளந்தது.
ஒரு வினாடி வைத்தபோது
ஃபோன் செத்துவிட்டதென்று உதறினார்கள்.
பதினொரு மாதம்.

மேன்முறையீட்டுக்குச் சத்தியக் கடதாசி வேண்டும்.
எப்போது, எங்கே, யாருக்கு
முதலில் தோன்றியது?
'யாருக்கு' என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது.

பழைய பதிவுகளைத் தோண்டினேன்.
சோதனைக்குக் கொடுத்த முதல் ஃபோன்,
கணக்கப்பிள்ளை சகாயநாதனுடையது.
ஜூன் ஒன்பது, காலை ஏழு பத்து,
பிரட்டுக்களம் கலைகிற நேரம்.
புஷ்பகாந்தி என்ற பெயர்
ஏழாம் மலைக்கு மேலே வந்து நிற்கிறது.
நிற்கிறது.
நாற்பத்தொரு வினாடி.
அதைப் பார்த்த இரவுதான்
எனக்குள் பெட்டி திறந்தது.

அவருக்கு எடுத்தேன். மழைச் சத்தத்துக்குள்ளிருந்து:
"அன்னைக்கா?
ஏழாம் மலை சரியான சரிவு மிஸ்.
முழங்கால் ஏலாது, போடாதீங்கன்னு அது கெஞ்சிச்சு.
பெரிய கிளாக்கர் போடச் சொல்லிட்டாரு.
நான் விரல எடுக்காம நின்னேன்."

பிறகு?

"சார்ஜ் போயிருச்சு."

விடாத பெயர் பழைய இடத்துக்கே திரும்பும்.
கோரிக்கை இலக்கம் ஐந்து, நானே எழுதியது.
ஐந்தாம் மலையில் அன்று கொழுந்தே எடுக்கவில்லை.

"பேர் விழல்ல மிஸ். அரைப்பேர்கூட இல்ல."

தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் கூலி.
என் நிரலில் அது
நாற்பது எழுத்துக்கு மிகாத சரம்.

இதை எந்தப் பந்தியில் சேர்ப்பது என்று
ஹேமச்சந்திரவிடம் கேட்டேன்.
பக்கத்து அறையில் யாரோ
கொப்பளித்துத் துப்பினார்கள்.
"சேர்க்க வேணாம் மிஸ்" என்றார்,
"திங்கக்கிழமைக்கு முந்தி கையெழுத்து மட்டும்."