கேத்திப் பனி

பழக்கடைகளுக்கு மேலே, வளைவு முடிகிற இடத்தில்
என் பட்டறை.
மங்குஸ்தான் காலத்தில் பர்லியாருக்கு ஈக்கள் வரும்.
மே மாதத்தில் கார்கள் வரும்,
முன் சக்கரம் இரண்டும் புகைந்தபடி.

பிளந்த பலாவுக்கும் கருகிய பேடுக்கும்
குரங்குக்குக்கூட வாசனை குழம்பாது.
வண்டிக்காரருக்குத்தான் குழம்பும்.
"எஞ்சின் சூடாயிருச்சும்மா" என்பார்,
தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டே.
ஊத்தாதீங்க என்று கத்துவதற்குள்
சுர்ரென்று ஒரு சத்தம்.
தட்டு நெளிந்தது.
இனி மேட்டுப்பாளையம் வரை
ஸ்டீயரிங்குக்குக் குளிர்காய்ச்சல்.

குன்னூரிலிருந்து இங்கே ஆயிரம் மீட்டர் இறக்கம்.
அந்த உயரம் முழுவதையும்
பிள்ளைகளோடு, பெட்டிகளோடு, ஊட்டி வர்க்கியோடு
தோசைக்கல் அகலம்கூட இல்லாத
இரும்புத் தட்டுகளில் இறக்கி வைக்கிறார்கள்.
வேகம் எங்கேயும் போய்விடாது. சூடாகும்.
அதை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும்.
காற்று வாங்கும், வழிவிட்டால்.

போஜன் வண்டிதான் எனக்குப் பிடிபடவில்லை.
புது பேடு. நடுவே காற்றோடும் தட்டு.
இரண்டாம் கியரிலேயே இறங்குகிற மனிதர்.
ஆனாலும் கடைசி வளைவில் பெடல்
ஈரச் சாக்கை மிதித்ததுபோல் உள்ளே போனதாம்.

மூடியைத் திறந்தேன்.
தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய்
கடுங்காப்பியாகக் கிடந்தது.
நான்கு வருடம்.
வண்டி நிற்பதோ கேத்தியில்,
மேகம் ஷெட்டுக்குள் வந்து படுக்கிற ஊர்.
இந்த எண்ணெய் ரப்பர் குழாய் வழியாகவும்
ஈரம் குடிக்கும், சத்தமில்லாமல்.
சூடேறினால் குடித்ததெல்லாம் கொதிக்கும்,
ஆவியாகும்.
ஆவியை அமுக்கலாம். ஆவி எதையும் அமுக்காது.

"அப்போ பனிதான் என் பிரேக்குல இருந்துச்சா?"
"உங்க ஊர்ப் பனிதான்."
கடன் கொடுத்தவனைப் பார்ப்பதுபோல்
மலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

நான்கு சக்கரத்திலும் பழையதை வடித்தோம்.
அவர் மிதிக்க, நான் திருக,
பிடிங்க, விடுங்க, பிடிங்க,
கடைசிக் குமிழி வரும்வரை.
எஃகு வலை போட்ட குழாய்க்கு விலை சொன்னேன்.
மகள் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றிச் சொன்னார்.
பிறகு, போடு என்றார்.

மறுநாள் குன்னூர் போய் இறங்கி வந்தார்.
வெப்பமானியைச் சக்கரத்துக்கு நேரே பிடித்தேன்:
இருநூற்று முப்பது. நேற்றும் ஏறக்குறைய அதேதான்.
"சூடு குறையலையே?"
"குறையாது. கால் எப்படி?"
"கல்லை மிதிச்ச மாதிரி."

மூடியின்மேல் டேப் ஒட்டித் தேதி எழுதினேன்,
இரண்டு வருடம் தள்ளி.
அவர் பழம் பேரம் பேசக் கீழே போனார்.
பின் சக்கரத்துக்கு ஒரு கல் வைத்திருந்தார்,
எதற்கும் இருக்கட்டும் என்று.
நான் எடுக்கவில்லை.