இழுப்பறை

வங்கிக் கவுண்டரில் நாள் முழுக்க
இழுத்துத் தள்ளுவது அடுத்தவர் பணத்தை.
எனக்கென்று ஒன்று,
இழுப்பறை வைத்த குட்டி மேஜை செய்ய
பாறசாலையில் அயனிப் பலகை வாங்கி
களியக்காவிளைக்கு ஆட்டோவில் கொண்டுவந்தேன்.
கடைக்காரர் சிந்தேர் என்றார்,
நான் இழைப்புளி என்றேன்;
சுருள் என்னவோ ஒரே மாதிரிதான் விழுந்தது.

பங்குனி வெயில். மொட்டைமாடி.
ஏழு ஞாயிறு, இரண்டு நகம்.
நார் எதிர்த்தால் திருப்பிப் போட வேண்டுமென்று
பலகைதான் சொன்னது, பிய்ந்து.
கடைசியில்
ஒரு தாள்கூட நுழையாத பொருத்தம்.
கில்பர்ட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"கொள்ளாம்" என்றார்.
தன் பாஸ்போர்ட்டை முதல் சாமானாக உள்ளே வைத்தார்.

இப்போது இடவப்பாதி கொட்டுகிறது.
அயனி குடித்த ஈரம்
என் அளவுநாடாவில் இல்லாதது.
வியாழக்கிழமை மஸ்கட் விமானம்.
செவ்வாய் இரவு
மேஜையில் ஒரு காலை ஊன்றி இழுக்கிறார்.
மெழுகு தடவியாயிற்று, ஹேர் டிரையர் காட்டியாயிற்று,
புனித அந்தோனியாரிடமும் சொல்லியாயிற்று.

பின்பலகையை நான் ஒட்டவில்லை.
நாலே நாலு திருகாணி,
கழற்றினால் கை போகும்.

சொல்வேன்.
நாளை ராத்திரி.
மழை கொஞ்சம் விடட்டும்.