பின்பாதி

குன்னூர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்
படம் போட்ட அட்டைகளை
பெர்பெத்துவாவின் முன் நீட்டினாள்.
கோப்பை. குடை. வாழைப்பழம்.
இவள் வாய் கோணி, உதடு குவிந்து
ஒரு காற்று வந்தது. அவ்வளவுதான்.
அட்டைகள் தீர்ந்ததும்
என்னைக் காட்டி, "இவர் யாரு?" என்றாள்.
விளங்குகிற இடது கை
என் ஸ்வெட்டர் பொத்தானைத் திருகியது.
நாற்பத்தோரு வருஷம்.
பெயர் வரவில்லை.

நான் அருவங்காடு தொழிற்சாலையில் பிட்டர்,
ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷம்.
மரை தேய்ந்த போல்ட்டை
விரல் நுனியிலேயே கண்டுபிடிப்பேன்.
செபமாலையும் எனக்கு அப்படியொரு தேய்ந்த மரை:
எத்தனை சுற்றினாலும் எதையும் இறுக்காதது.
ஐம்பத்து மூன்று தடவை ஒரே பேச்சா,
கேட்கிற மாதாவுக்குக் காது சலிக்காதா என்று
அடுப்படியைப் பார்த்துக் கேலி பேசியிருக்கிறேன்.
அவள் பதில் சொன்னதில்லை.
சின்ன மணி முடிந்து பெரிய மணிக்குப்
போய்க்கொண்டிருப்பாள்,
நடுவில் குக்கர் விசிலையும் எண்ணிக்கொண்டு.

அக்டோபரில் அன்பியத்தார் வந்தார்கள்.
மழை. வாசலில் பதினான்கு குடைகள்,
உள்ளே ஈரக் கம்பளி வாசம்.
மெட்டில்டா டீச்சர் தொடங்கினார்.
நான் டீக்குப் பால் காய்ச்சப் போனேன்.
அது எனக்கு வசதி.

"...இயேசுவும் ஆசி பெற்றவரே" என்று
டீச்சர் மூச்சு விட்ட இடத்தில்
எல்லோரும் "தூய மரியே" என்று எழ,
அதற்கடியில் இன்னொரு குரல்,
கரகரத்து, அரையடி பின்தங்கி:
"அர்ச்சிஷ்ட மரியாயே,
சர்வேசுரனுடைய மாதாவே..."

பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை.
ஏழு வயதில், ஞானோபதேச வகுப்பில்,
பெஞ்சிலிருந்து கால் தரை தொடாமல்
அவள் படித்த மந்திரம் அது.
புது மந்திரம் வந்து மேலே படிந்திருந்தது.
அதை ரத்தம் அடித்துக்கொண்டு போய்விட்டது,
குடையோடு, கோப்பையோடு, என்னோடு.
அடியில் கிடந்தது நிற்கிறது.

டாக்டர் ஒரு காரணம் சொன்னார்.
பழகிய சொற்கள் மூளையில்
வேறு அறையில் குடியிருக்குமாம்.
இருக்கலாம், எனக்கு மறுப்பில்லை.
அந்த அறைக்கு
இத்தனை வருஷம் வாடகை கட்டியது யார் என்று
அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

ஒரு சிக்கல்: அவளுக்கு முன்பாதி வராது.
யாராவது தொடங்கினால் முடிப்பாள்.
இல்லையென்றால் மணியைப் பிடித்தபடி
என் வாயையே பார்ப்பாள்.

அவள் பெட்டியில்
அட்டை போன ஒரு செபப்புத்தகம் இருந்தது.
பிரியதத்த மந்திரத்தைக்
கரண்டு பில்லின் பின்புறம் எழுதிக்கொண்டேன்.
அறுபத்தெட்டு வயதில் மனப்பாடம்.
"ஸ்திரீகளுக்குள்ளே"யில் நாக்கு தட்டியது.
நம்பித்தான் சொன்னேன் என்றால் பொய்.
அவள் குரலைக் கேட்கச் சொன்னேன்.
முதல் மாதம் அப்படித்தான்.

ஜனவரி. தகரக் கூரையில் உறைபனி.
ஐந்தரைக்குத் தானாக விழிப்பு வருகிறது.
வெந்நீர் காய்வதற்குள் ஒரு பத்து மணி.
மாலையில் சங்கு ஊதியதும் மீதி.
ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல், தூங்கிவிட்டாள்.
நான் முன்பாதியைச் சொல்லி
நிறுத்தி
காத்திருந்தேன்.
கேத்திப் பக்கமிருந்து ரயில் இறங்குகிற ஓசை.
பிறகு பின்பாதியையும் நானே சொன்னேன்,
அவள் சொல்கிற மாதிரி
"அர்ச்சிஷ்ட"வைக் கொஞ்சம் இழுத்து.
அன்று அது யார் காதுக்கு என்று
இன்னும் கணக்குப் பார்க்கவில்லை.

சந்தியாகு. சின்னப் பெயர்தான்.
இன்றுவரை அவளுக்கு வரவில்லை.
ஆனால் "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" வரும்போது
இடது கையால்
என் முழங்காலைத் தட்டுகிறாள்,
இதில் பாவி எவன் என்று
மாதாவுக்குக் குழப்பம் வேண்டாம் என்பதுபோல.

நேற்று இரண்டு தடவை தட்டினாள்.