தந்தித் தீவில் சிக்னல் இல்லை

பெருநாள் விடுமுறை நான்கு நாள்.
ராஸ் அல் கைமா தாண்டி, எல்லைச் சாவடியில்
காருக்கு ஒமான் காப்பீடு, ஆளுக்கொரு முத்திரை.
பின்னிருக்கையில் லெப்பையின் மடியிலிருந்த
வட்டிலப்பத்துக்கு மட்டும்
யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை.

ஊரின் பெயர் கசாப்.
"கறிக்கடைக்கா டூர் கூட்டிவந்தீங்க?" என்றான் கிருபாகரன்.
அந்த ஒரே நகைச்சுவையை
இரண்டு நாளும் ஓட்டினான்.

கோட்டை சின்னது.
போர்த்துக்கீசியர் எழுப்பியது,
பிறகு வந்தவர்கள் பூசிப் பூசி வைத்திருப்பது.
முற்றத்தில் படகுகள், தண்ணீர் இல்லாமல்,
விசா முடிந்து கேம்ப் வாசலில் நிற்பவர்களைப் போல.
பீரங்கியின் வாய்க்குள் யாரோ திணித்த ஜூஸ் டப்பா.
அதை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.
வேலை செய்யாமல் இருக்கத் தெரியவில்லை எனக்கு.

மறுநாள் காலை படகு.
கம்பளம், திண்டு, ஏலக்காய் டீ.
இரண்டு பக்கமும் ஒரு புல் இல்லாத மலைகள்
கடலில் முழங்கால்வரை இறங்கி நின்றன.
மத்தர் விசிலடித்தார், பலகையைத் தட்டினார்.
"டால்பின்!" என்று கத்தினான் கிருபாகரன்.
"ஓங்கில்" என்று திருத்தினார்
காயல்பட்டினத்து லெப்பை.
இரண்டு பெயருக்கும் திரும்பாமல்
முதுகைக் காட்டிப் போய்விட்டது அது.

அப்புறம் அந்தத் தீவு.
தீவு என்றால், ஒரு பாறை.
வெள்ளைக்காரன் இங்கே தந்தி ஆபீஸ் வைத்திருந்தான் என்றார் மத்தர்.
லண்டனிலிருந்து கராச்சிக்குப் போகிற கம்பி
இந்த நீருக்கடியில் வந்து ஏறி
மூச்சு வாங்கிக்கொண்டு போகுமாம்.
நாலைந்து வருடம்தான்.
இங்கே வேலைக்கு வந்தவர்கள்
இந்த வெயிலிலும் தனிமையிலும் புத்தி பேதலித்துப்போக,
வளைவைச் சுற்றிப் போய்விட்டான் என்று
அவர்கள் மொழியில் ஒரு சொல்லே உண்டாயிற்றாம்.
உண்மையோ, படகுக்காரர் கதையோ.
எங்கள் பக்கம் மறை கழன்றவன் என்போம்.
மறைகளைத் திருகும் எனக்கு
அது இன்னும் சரியாகப் புரிகிறது.

ஷார்ஜாவில் என் வேலை கேபிள் ஒட்டுவது.
தலைமயிரை விட மெல்லிய கண்ணாடி இழைகள்;
ஒன்று உடைந்தால் ஒரு தெருவே ஊமை.
சாலையோரக் குழிக்குள், சின்னக் கூடாரத்துக்குள்,
நாற்பத்தைந்து டிகிரியில்
மூச்சை அடக்கிக்கொண்டு நுனியும் நுனியும் சேர்ப்பேன்.
அந்த நேரம் உலகத்தில் யாரும் என்னோடு பேசுவதில்லை,
என் கை வழியாகத்தான் எல்லாரும் பேசப்போகிறார்கள் என்றாலும்.

படி ஏறினேன்.
மிச்சம் இருப்பது அடித்தளக் கல் கொஞ்சம்,
ஆட்டுப் புழுக்கை, ஒரு பிளாஸ்டிக் செருப்பு.
அப்போது கோவில்பட்டிக் கரிசலில் வெடித்த பருத்திக்கு
சீமையில் என்ன விலை என்று
இந்தப் பாறை கேட்டிருக்கலாம்.
எந்தத் துறைமுகத்துக்கு எத்தனை சிப்பாய் என்றும்.
கட்டளை போட்டவனுக்கு இந்த இடம் வரைபடத்தில் ஒரு புள்ளி.
அந்தப் புள்ளிக்குள் உட்கார்ந்தவனுக்கு
கட்-கடகட-கட்.
இரவு விளக்கைச் சுற்றும் பூச்சி.
கப்பல் எப்போது வரும்?
முதல்முறையாக ஒரு துரை மேல்
எனக்குப் பாவமாக இருந்தது.
ரொம்ப நேரம் இல்லை. ஒரு டீ குடிக்கிற நேரம்.
அவனுக்குத் தண்ணீர் சுமந்தவனின் பெயரை
மத்தரும் சொல்லவில்லை.

கீழே கிருபாகரன்
போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு
பாறை பாறையாகத் தாவிக்கொண்டிருந்தான்.
தவணை கட்டக் கடைசி நாள், ஓ.டி.பி. வரவில்லை.
"தந்தித் தீவுல ஒரு கோடு சிக்னல் கிடையாதாய்யா!"
லெப்பை தண்ணீரில் கால் விட்டபடி
வட்டிலப்பத்தை வெட்டினார்,
மத்தருக்குப் பெரிய துண்டு.

திரும்பும்போது மலை ஒன்று விலகியது.
எல்லாப் போன்களும் ஒரே மூச்சில் கத்தின.
எனக்குப் பதினோரு செய்தி, எல்லாம் சூப்பர்வைசர்:
ஜேசிபி கேபிளை வெட்டிவிட்டது,
இருநூற்று எண்பத்தெட்டு இழை, எங்கே இருக்கிறாய்?
வளைவைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்
என்று தட்டினேன். அழித்தேன்.
"இரவு பத்துக்குள்" என்று அனுப்பினேன்.

ஓ.டி.பி.யும் வந்திருந்தது,
கெடு முடிந்து முக்கால் மணி நேரம் ஆன ஆறு எண்கள்.
கிருபாகரன் அதைக் கடலைப் பார்த்து
ஒவ்வொன்றாக, சத்தமாக, வாசித்தான்.