தூரத்தில் மழை

நாற்பத்தொரு ஆண், ஆறு பெண்.
இன்று காலை எண்ணி முடித்தேன்.
பிரவுன்ஷ்வைக் அருங்காட்சியகத்தின் நிலவறை,
அந்துருண்டை நெடி, விட்டு விட்டு இமைக்கும் குழல்விளக்கு,
மூன்றாம் அலமாரி, பதினேழாம் இழுப்பறை.
நான் ஒப்பந்தக்காரி, செப்டம்பர் வரைக்கும்.
சீட்டைப் படித்துக் கணினியில் ஏற்ற வேண்டும்,
எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது,
அவ்வளவுதான் வேலை.

ஊசித்தட்டான்களை மடித்து வைத்த முக்கோண உறைகள்
பழைய செய்தித்தாளில் செய்தவை.
ஒன்றில் மீசை மெழுகு விளம்பரம்.
ஒன்றில் ஹாம்புர்க்கிலிருந்து கப்பல் கிளம்பும் நாள்.
பிரித்தால்
ஒரு துரும்பு, நான்கு சருகுச் சிறகு.
நீலம் என்கிறது சீட்டு.
நீலம் செத்த அன்றே போயிருக்கும்.
தேநீர்க் கறை மட்டும் மிச்சம்.

உசாம்பரா மலை, 1909, மார்ச்.
கீழே ஓர் ஓடையின் பெயர்.
பிடித்தவர் பெயர் கொட்டை எழுத்தில்.
ஓடைக்கு வழி காட்டியவர் பெயருக்கு
சீட்டில் இடம் போதவில்லை போலும்.

அந்த ஓடைக்கரையிலிருந்து வந்திருந்தாள்
ஸைனா ஷெகியோண்டோ.
இரண்டு வார விசா, கடன் வாங்கிய குளிர்கோட்டு.
இழுப்பறையைத் திறந்ததும் அவள் அழுவாள் என்று
எதனாலோ நினைத்திருந்தேன்.
அவள் எண்ணினாள்.
நாற்பத்தேழு, என்றாள்.
இந்த வருடம் ஓடையில் நான் பார்த்தது ஒன்பது.

பிறகு கைபேசியை நீட்டினாள்.
ஈரப் பாறை, பாசி,
அதன்மேல் தீக்குச்சி உரசிய கணம்போல் ஒரு நீலம்.
சீட்டு பொய் சொல்லவில்லை.

கரையில் ஒரு பெரிய மரத்தை வெட்டினார்களாம்.
மரம் விழுந்தது ஒருநாள்,
வெயில் விழுந்தது தினமும்.
நிழலில்லாத தண்ணீரில் இது முட்டை வைக்காது.
யார் வெட்டியது?
என் சித்தப்பா, என்றாள். ஏலக்காய் போட.
என் கோப்பையில் அப்போது
ஏலக்காய் மிதந்துகொண்டிருந்தது.
பூச்சிக்காக அவரைப் பட்டினி போட முடியுமா?
இரு கரையிலும் இருபது காலடி காட்டை
விட்டுவையுங்கள் என்று கேட்டேன்.
பன்னிரண்டு விட்டார்.
பன்னிரண்டு!
அவள் சிரித்த சிரிப்பில் பாதி கோபம்.

நான் அவளிடம் சொல்லாதது:
தட்டான் வாலில் நூல் கட்டி
கல்லைத் தூக்கு தூக்கு என்று
கத்தியவர்களில் நானும் ஒருத்தி.
சின்னக் கல்தான்.

மூன்றாம் நாள் அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
ஓடையின் பெயரை ஏற்றாதே.
காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது,
வலையோடு வர விமானம் இருக்கிறது,
இருப்பதோ ஒன்பது.
முனைவர் ஹெபர்லே கண்ணாடியைக் கழற்றினார்.
தரவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்,
அதுதான் விதி, என்றார்.
எல்லோரும் என்றால் யார், என்றாள் ஸைனா.
அதற்கு இரண்டு நாள் ஆயிற்று,
நான்கு மின்னஞ்சல், ஒரு நீண்ட மௌனம்.
வெள்ளிக்கிழமை மாலை தலையசைத்தார்.

நிரப்பக் கூலி வாங்குகிறவள் நான்.
நாற்பத்தேழு முறை அந்தக் கட்டத்துக்கு வந்து
நாற்பத்தேழு முறை
ஒன்றும் எழுதாமல் கடந்தேன்.
இவ்வளவு கவனமாக நான்
எதையும் எழுதியதில்லை.

கிளம்பும் முன் ஓக்கர் ஆற்றுப் பாலத்தில் நின்றோம்.
கரைச் செடியில் இந்த ஊர் ஊசித்தட்டான்கள்
பத்து, இருபது, எண்ணத் தேவையில்லாத அளவுக்கு.
சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு போயின.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க முடிவதும் ஒரு செல்வம்தான்.

தும்பி பறந்தால் தூரத்தில் மழை,
எங்கள் ஊர்ப் பேச்சை
என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன்.
எவ்வளவு தூரம், என்றாள் உடனே,
நோட்டை எடுத்துவிடுவாள் போல.
பழமொழியில் கிலோமீட்டர் இல்லையே.
அவள் கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டாள்.
ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

திங்களன்று பதினெட்டாம் இழுப்பறை.
வண்டுகள்.