வேலிப் பொட்டு

அக்காவின் கடிதம் ஸ்காபரோவிலிருந்து வந்து
இருபத்தொரு நாள்.
"காணியை வித்துப்போட்டு வா, மிச்சத்தை நாங்கள் பார்க்கிறம்."
மல்லாவியில் தகரக் கொட்டிலுக்குள்
அதை அரிசி வாளியின் அடியில் வைத்துவிட்டு
தேவனிடம் கேட்கத் தொடங்கினேன்:
போகவா, இருக்கவா.

முதலில் கண்ணை மூடி வேதத்தைத் திறந்தேன்.
விரல் போய் நின்ற இடத்தில்
யாரோ யாரையோ பெற்றிருந்தார்கள்,
பக்கம் முடியும்வரை பெற்றுக்கொண்டே இருந்தார்கள்.
பிறகு சீட்டு.
பால்மா ரின்னுக்குள் குலுக்கி எடுத்தேன்.
"போ" வந்தது. மனம் ஒப்பவில்லை, இன்னொரு தரம்.
"இரு" வந்தது. அதற்கும் ஒப்பவில்லை.
மூன்றாம் தரம் இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன.
சிரித்துவிட்டேன்.
சிரிப்பும் ஜெபமாக எண்ணப்படுமோ தெரியாது.

மூன்று நாள் வெறுந்தேநீரோடு உபவாசம்.
போதகர் இம்மானுவேல் சைக்கிளில் வந்து தலையில் கை வைத்தார்.
அவர் கையிலும் அன்று நடுக்கம்.
கச்சான் காற்று கூரைத் தகரத்தைத் தட்டியது.
வேறொரு சத்தமும் இல்லை.

நாலாம் நாள் கிணறு இறைக்க ஆட்கள் வந்தார்கள்.
கேட்ட கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை;
இரண்டு வருசம் ஆளில்லாமல் கிடந்த கிணறு,
நாறியது, அவ்வளவுதான்.
விசுவலிங்கம் கட்டில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டு இறங்கினான்.
இந்தப் பக்கம் நின்று நான் என்னுடையவரைக் கூப்பிட்டேன்.

பம்ப் இரைந்தது.
பச்சைத் தண்ணீர் வேலிவரை ஓடிற்று.
பிறகு வாளி வாளியாய்ச் சேறு.
முள்ளுக்கம்பி. ஒற்றைச் சப்பாத்து.
எங்களுடையதல்லாத ஒரு கதவு, பூட்டோடு.
சைக்கிள் றிம் ஒன்று; அதை
றொகான் உருட்டிக்கொண்டு போய்விட்டான்.
கடைசியில் சேலையில் தைத்த மண்மூட்டை,
மஞ்சள் கரை இன்னும் தெரிந்தது.

மாத்தளன் மணலில் அமிர்தசீலனின் பங்கர் வாசலில்
இதேபோல் அடுக்கியிருந்தது.
றொகானை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றேன்.
"இடமில்லை" என்றான்.
அந்த ஒரு சொல்லை முகாமுக்கும்
முகாமிலிருந்து இங்கும்
மடியில் முடிந்து கொண்டுவந்தவள் நான்.
இப்போது அவன் வேலிக்கு அப்பால்.
அவன் கிணற்றடியில் கண்ணிவெடிக்காரர் கட்டிய சிவப்பு நாடா.
அவன் மகள் டிலானி அரைக்கட்டை நடந்து தண்ணீர் சுமப்பதைப்
பார்த்தபடிதான் விடியவிடிய நான் ஜெபித்தது.

சேறு வடிந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது
அதற்கும் அடியில் கிடந்தது வந்தது.
இரண்டு நாள் கழித்து, நாங்கள் வெட்டிய குழியின் வாயில்
ஒருத்தி வந்து நின்றாள்.
கைக்குழந்தை, ஒரு கேத்தில்.
முகம் நினைவில்லை. கேத்திலுக்குப் பிடி இல்லை.
என் வாயிலிருந்து போனதும் அதே சொல்தான்.
அதே குரலாகக்கூட இருக்கலாம்.

"அக்கா, கண் திறந்திட்டுது!"
கீழிருந்து விசுவலிங்கம் கத்தினான்.
குனிந்தேன். தெற்குச் சுவரடியில்
விரல் தடிப்பில் நீர்.
நேற்றும் அங்கேதான் இருந்திருக்கும்.

மாலைக்குள் மூன்று முழம்.
கலங்கல் அடங்கக் காலையாகும் என்றார்கள்.
நான் கத்தியோடு வேலிக்குப் போனேன்.
இரண்டு கிளுவைக் கதியாலுக்கு நடுவில்
குடத்தோடு ஒரு பிள்ளை நுழையும் அளவுக்குப்
பொட்டு வெட்டினேன்.
பிள்ளை அளவுக்குத்தான்.
அவனுக்கென்று வெட்ட என் கை வரவில்லை.
கர்த்தாவே, இவ்வளவும்தான் இன்றைக்கு முடிந்தது.

அக்காவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.
கடிதம் அரிசிக்கடியில்.

விடியப்புறம் கப்பி கிரீச்சிட்டது.
எழும்பிப் பார்க்கவில்லை.
ஒரு குடம். பிறகு இருமல், ஆண் இருமல்.
திரும்பிப் போகையில்
கிளுவை முள் துணியில் மாட்டிக் கிழிகிற சத்தம்.

விடிந்ததும் இன்னும் இரண்டு கதியால் பிடுங்கவேண்டும்.